காலுறை போட்ட புட்டி

ஜன்னல் கதவின் மரச்சட்டங்களுக்கு நடுவே திணித்து வைத்திருந்த தம் பழைய வேட்டிக் கிழிசல்களை ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். சுருட்டிச் சுருட்டி அவரே திணித்தவைதான். ஒவ்வொன்றை உருவும்போதும் அந்த இடுக்கு வழியாக மார்கழிக் காற்று ஊசி மாதிரி உள்ளே வந்து அவர் மணிக்கட்டில் குத்தியது. கீழே ராஜலக்ஷ்மி ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, இதையெல்லாம் யார் பாக்கப் போறா? திரையை இழுத்து விட்டா மறைஞ்சு போயிடும்."

"திரையை விலக்கிப் பாப்பா. விலக்கிப் பாக்கற மனுஷிதான் அவ."

சம்பந்தி அம்மாளைப் பற்றி ராஜலக்ஷ்மிக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அவர்கள் பெண் வைஷாலி முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை நவநீத்துக்கு ராஜர்ஹாட் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நியூ டவுனில் பதினாலாவது மாடியில் வீடு. பேத்தியைப் பார்க்க அவன் அம்மா விஜயா நங்கநல்லூரிலிருந்து வந்தவள், இன்னும் ஊர் திரும்பவில்லை. முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சிவப்புச் சிமெண்ட் தரையில் காலை வைத்தவள், நெருப்பை மிதித்த மாதிரி வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "அம்மாடி, தரையா இது, ஐஸ் பாளமா?" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் சிரிக்கவில்லை. அந்தத் தரை அவர் அப்பா வங்காளத்துக்கு வந்து கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் நடமாடும் தரை. அதில் மூன்று தலைமுறைக்குக் கல்யாணப் பந்தி போட்டாகிவிட்டது. யாரும் இதுவரை அதைக் குறை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் போன் செய்தாள். "தப்பா நெனைச்சுக்காதேள் சம்பந்தி மாமா. பேப்பர்ல பார்த்தேன், இன்னும் குளிர் ஏறுமாம். பச்சைக் குழந்தை. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். தாங்காதுன்னு தோணித்துன்னா குழந்தையையும் வைஷாலியையும் நாங்களே அழைச்சிண்டு போயிடறோம். நவநீத்தாத்துல ஹீட்டர் இருக்கு, எல்லாம் இருக்கு." குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

பிரசவத்துக்கு வந்த பெண்ணை மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்து, தொட்டிலும் வெள்ளிக் கிண்ணமும் பட்சணமுமாகப் புக்ககத்தில் கொண்டு விடுவது பெண்ணைப் பெற்றவனின் கடமை. அதற்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டார் வந்து, இந்த வீடு குழந்தைக்கு ஆகாது என்று தூக்கிக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கப் போகிற இடத்தில் ராஜலக்ஷ்மியிடம் யாராவது கேட்பார்கள். "ஏன் மாமி, சீக்கிரமே அழைச்சிண்டு போயிட்டாளாமே?" அந்தக் கேள்விக்கு இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பதில் சொல்ல நேர்ந்ததில்லை.

ஹீட்டர் கதை தனிக்கதை. குழந்தை பிறந்த வாரமே நவநீத் ஒரு ஹீட்டரைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தான். "மாப்பிள்ளை, என் பொண்ணுக்குக் கணப்பு வாங்கிக் கொடுக்கற சக்தி எனக்கு இருக்கு" என்று சொல்லி அதே காரில் திருப்பி அனுப்பினார். அனுப்பிவிட்டு, ராஜலக்ஷ்மிக்கு மட்டும் தெரிந்து, எதிர்வீட்டிலிருந்து ஒரு ஹீட்டரை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். கம்பி சிவப்பதற்குள் படாரென்று சத்தம். அவர் வீட்டில் மட்டுமல்ல, மாடியில் தத்தா பாபு வீட்டிலும் விளக்கு அணைந்தது. அந்தக் கட்டடத்தின் மின்சாரக் கம்பிகளுக்கு அவரைவிட வயது அதிகம். மாற்றித் தரச் சொன்னால் வீட்டுக்காரன் இதுதான் சாக்கென்று காலி பண்ணச் சொல்லுவான். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அன்றைக்குத்தான் தத்தா பாபு டார்ச் லைட்டும் மங்கி கேப்புமாக மாடியிலிருந்து இறங்கி வந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்பந்து ஆட்டம் பாதியில் நின்றுபோன கோபத்தோடு வந்தவர், தொட்டிலைப் பார்த்ததும் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டார். "மோஷாய், வீட்டைச் சூடு பண்ண முடியாது. கப்பலையே பண்ண முடியாது. படுக்கையை மட்டும் சூடு பண்ணுங்கள், போதும்" என்று வங்காளத்தில் சொன்னார்.

அதன் பிறகு ஸ்ரீனிவாசராகவன் அந்த வேலையை அலிப்பூர் ஆபீஸில் கோப்புப் பார்த்த அதே சிரத்தையோடு பார்த்தார். வெயில் எந்த ஜன்னலில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்தார். தெற்கு ஜன்னலை வெயில் வந்த பின் திறந்து, அது சுவரை விட்டு இறங்குவதற்கு முன்பே சாத்தினார். வடக்குச் சுவரைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. புத்தக அலமாரியை நகர்த்தி அந்தச் சுவர் முழுக்க மறையும்படி வைத்தார். அப்பா காலத்துச் சட்டப் புத்தகங்கள், யாரும் தொடாதவை, முதல் தடவையாக ஒரு உபயோகத்துக்கு வந்தன. தரையில் சாக்கைப் பரப்பி அதன் மேல் ஜமக்காளம். மெத்தைக்கு அடியில் செய்தித்தாள், தடிமனாக. குழந்தையின் தொட்டிலைச் சமையலறைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். அந்தப் பக்கம் அடுப்பு எரிந்தால் இந்தப் பக்கம் சுவர் நாய்க்குட்டியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை மொட்டை மாடியில் காயப்போட்டு, வெயில் இருக்கும்போதே இறுகச் சுருட்டிக் கீழே கொண்டுவந்து, படுக்கும்போதுதான் பிரிப்பது. தாமதமாக எடுத்தால் பனியைத்தான் சுருட்டிக்கொண்டு வருவோம் என்று தத்தா பாபுவின் மனைவி சொல்லியிருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டவை அந்தப் புட்டிகள். வெந்நீர் ஊற்றும் ரப்பர் பை ஒன்று வீட்டில் இருந்தது. ஒழுகி மெத்தையை நனைத்துவிட்டு உயிரை விட்டது. அப்போது தத்தா பாபு தம் காலி ரம் புட்டிகளைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். கனத்த கண்ணாடி, திருகுமூடி. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு அலம்ப வேண்டும், அப்புறம்தான் சூடு, இல்லாவிட்டால் கண்ணாடி விண்டு போகும் என்று சொல்லிக் கொடுத்தார். ஸ்ரீனிவாசராகவன் அந்தப் பையைத் தொடவே இல்லை. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு நிற்கிற மனிதர் கையில் ரம் புட்டியா?

தத்தா பாபு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "மோஷாய், உள்ளே இருந்தது என் வயிற்றைச் சூடு பண்ணியது. புட்டி உங்கள் பேத்தி படுக்கையைச் சூடு பண்ணட்டும். இரண்டும் புண்ணியம்தான்."

ராஜலக்ஷ்மி புளியும் சாம்பலும் போட்டுப் புட்டிகளை மூன்று தண்ணீரில் தேய்த்தாள். லேபிளை ஊறவைத்து உரித்தாள். அவருடைய பழைய ஆபீஸ் காலுறைகளை அவற்றுக்குச் சட்டையாகப் போட்டாள். சாம்பல் நிறக் காலுறை போட்டுக்கொண்டு வரிசையாகச் சமையலறை மேடையில் நின்றபோது அவை ஏதோ ஆபீஸுக்குக் கிளம்பத் தயாராக இருப்பவை போலத்தான் இருந்தன. தினமும் படுக்கையில் அவற்றை வைத்து, கதகதப்பு ஏறியதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குழந்தையைப் போடுவார்கள். வைஷாலியின் இடுப்பு வலிக்கு ஒன்று, கால்மாட்டில் ஒன்று. குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

இப்போது அதே வீட்டை அவர் தம் கையாலேயே பிரித்துக்கொண்டிருந்தார். சாக்கு பரணுக்குப் போயிற்று. மெத்தைக்கு அடியிலிருந்து காகிதம் போயிற்று. தொட்டிலைச் சமையலறைச் சுவரிலிருந்து பிரித்து, பார்வையாக ஜன்னலுக்கு எதிரே போட்டார். சாக்கும் கிழிசலும் கண்ணில் பட்டால் அந்த அம்மாள் என்ன நினைப்பாள்? பிளாட்பாரத்தில் குடித்தனம் நடத்துகிறவன் பண்ணுகிற காரியம் என்று நினைப்பாள்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் வைஷாலி, குழந்தையைப் போர்த்தி மார்போடு அணைத்தபடி. "மாமியார் வந்து பாக்கறதுக்காக நாங்க விறைச்சுப் போகணுமா? இது என்ன லாஜிக்?"

"ரெண்டு மணி நேரம். அவா வந்துட்டுப் போனதும் எல்லாத்தையும் பழையபடி பண்ணிடறேன்."

"குளிரா இருக்குன்னுதானே அவா வரா? நீங்க குளிர வெச்சுக் காமிக்கறேளே."

அது அவர் காதில் விழுந்தது. மண்டைக்குள் ஏறவில்லை. மானம் என்று ஒன்று மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வேறெதற்கும் அங்கே இடம் கிடையாது. புட்டிகளை எங்கே ஒளிப்பது என்பதுதான் அவர் கவலை. "அரிசி டிரம்முக்குள்ள போடு. அதைத் திறக்கமாட்டா" என்றார் மனைவியிடம். போட்டாள்.

கார் வந்து நின்றது. விஜயா இறங்கும்போதே அவர் கவனித்தார். போன தடவையைவிட இளைத்திருந்தாள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காதை மூடி மப்ளர். மூக்கு நுனி சிவந்திருந்தது. இந்தத் தடவை காலுறையோடு வந்திருந்தாள். தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராஜலக்ஷ்மி நோலன் என்கிற புது ஈச்சவெல்லம் போட்டு அக்காரவடிசில் பண்ணியிருந்தாள். நெய்யில் முந்திரி மணத்தது. "மணக்கறதே" என்று மட்டும் சொன்னாள். நேராக உள்ளறைக்குப் போனாள்.

அறை ஜில்லென்றிருந்தது. ஸ்ரீனிவாசராகவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது. இடுக்குகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு ஊதின. திரைச்சீலை மெல்ல அசைந்தது. விஜயாவின் பார்வை அந்த அசைவின் மேல் நின்றது. அவள் திரையை விலக்கினாள். அவர் சொன்னபடியே விலக்கினாள். சட்டங்களுக்கு நடுவே கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். நவநீத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு பார்வையில் எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்று ஸ்ரீனிவாசராகவனுக்குத் தோன்றியது. அடுத்தது, வைஷாலியின் துணிகளை எடுத்து வைக்கச் சொல்லுவாள். ஆனால் நிமிர்ந்தே நின்றார்.

"குழந்தையைக் கொடு" என்று வாங்கிக்கொண்டு, விஜயா கட்டிலில் உட்கார்ந்தாள். கால் குளிரினால்தானோ என்னவோ, தயக்கமில்லாமல் இரண்டு காலையும் மேலே தூக்கி ரஜாய்க்குள் விட்டுக்கொண்டாள். விட்டவள் அப்படியே அசையாமல் இருந்துவிட்டாள். வைஷாலியின் முகம் வெளுத்தது. இடுப்பு வலி தாங்காமல் அவள் ஒன்றை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த முகத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

விஜயா ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையை ரஜாய்க்குள் விட்டாள். உருண்டையாக, கனமாக, ஒரு சாம்பல் நிற ஆண்பிள்ளைக் காலுறை வெளியே வந்தது. வாய்ப்பக்கம் நழுவியது. அந்த வாரம்தான் தத்தா பாபு கொடுத்த புதுப் புட்டி. லேபிள் இன்னும் உரிக்கப்படவில்லை. பாய்மரக் கப்பல் ஒன்று நீலக் கடலில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, சிவப்பு எழுத்தில், இன்ன சரக்கு என்று.

நவநீத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமனார் முகத்தைப் பார்த்து விழுங்கினான். வாசற்படியில் காபி டம்ளரோடு நின்ற ராஜலக்ஷ்மி, "பெருமாளே" என்றாள்.

விஜயா மூடியைத் திருகி மோந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். கப்பலைச் சற்று நேரம் பார்த்தாள்.

"சம்பந்தி மாமா."

"சொல்லுங்கோ."

"இது உங்க சாக்ஸா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஆமாம். ஆபீஸ் போறச்சே போட்டுண்டது."

மறைத்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். மறைக்க முயன்ற இந்த ஒரு நாளும் இப்படி முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது வெறும் வெந்நீர். மாடியில இருக்கறவர் கொடுத்த புட்டி. இன்னும் இருக்கு, அரிசி டிரம்முல. சாக்கு பரண்ல இருக்கு. ஜன்னல் இடுக்குல என் வேஷ்டியைக் கிழிச்சுத் திணிச்சிருந்தேன், மெத்தைக்கு அடியில பேப்பர். குழந்தை இந்தாத்துல ஒரு நாள் குளிர்ல இருந்ததில்லை. இன்னிக்குக் காத்தாலேலேர்ந்துதான் இந்த ரூம் இப்படி இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க வரேள்னு எல்லாத்தையும் நான்தான் பிரிச்சேன்."

விஜயா அவரையே பார்த்தாள். "நான் வரேன்னா ரூமைக் குளிரப் பண்ணினேள்?"

"ஆமாம்."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. முதல் நாள் தரையை மிதித்துச் சிரித்த சிரிப்பு இல்லை இது. வயிற்றிலிருந்து வந்தது, கண்ணில் நீர் வரவழைத்தது. ராஜலக்ஷ்மி பயந்து காபியைக் கீழே வைத்தாள். வைஷாலிக்குத் தொற்றிக்கொண்டது. கடைசியில் நவநீத்தும் அடக்கியிருந்ததை விட்டுவிட்டான். ஸ்ரீனிவாசராகவன் மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

"இருங்கோ, நானும் ஒண்ணு சொல்றேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் விஜயா. "ஹௌரா ஸ்டேஷன்ல இறங்கின நாள்லேர்ந்து என் கால் சூடாகலை. பதினாலாவது மாடி. சுத்திக் கண்ணாடி. காத்து வந்து மோதறது பாருங்கோ, ராட்சசன் ஊளையிடற மாதிரி. தரை பூரா மார்பிள். ஹீட்டரைப் போட்டா மூக்கு காஞ்சு ரத்தம் வரது, நிறுத்தினா பல்லு கிட்டிக்கறது. இவன்கிட்ட சொன்னா, 'அம்மா, ஜாஸ்தி போட்டுக்கோ'ங்கறான். போட்டுக்கத்தான் இன்னும் என்ன இருக்கு? கம்பளியே தலைக்கு மேல ஏறிடுத்து."

"நீ என்கிட்ட மூக்கைப் பத்தி சொல்லவே இல்லையே" என்றான் நவநீத்.

"சொன்னா என் நாட்டுப்பொண்ணாத்துல, பையன் ஆத்துல குளிர்றதுன்னு நெனைப்பாளே. வாயைத் திறப்பேனா?"

ஸ்ரீனிவாசராகவன் அந்த அம்மாளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார். விலக்கிப் பார்க்கிறவள்தான். ஆனால் அவளும் ஒரு திரையை இழுத்து விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவள் குழந்தையின் போர்வையை விலக்கி, உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "சூடா இருக்கு" என்றாள் மெதுவாக, வேறு யாருக்கோ சொல்வது போல. பிறகு வைஷாலியிடம், "மூணாம் மாசம் நாள் பாத்து அப்பா கொண்டு விடட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள். புட்டிக்குக் காலுறையைச் சரியாக மாட்டி, மறுபடி ரஜாய்க்குள் தள்ளிக் காலால் அணைத்துக்கொண்டாள்.

"மாமி, டிரம்முல இன்னொண்ணு இருக்குன்னாரே உங்காத்துக்காரர். இந்தக் காலுக்கு?"

ராஜலக்ஷ்மி ஓடினாள். அடுப்பில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஸ்ரீனிவாசராகவன், கால்கள் தாமாகவே நடக்க, பரணடியில் போய்ச் சாக்கை இழுத்தார். மாப்பிள்ளை வந்து மறுமுனையைப் பிடித்தான். தொட்டிலைச் சமையலறைச் சுவருக்கே திருப்பித் தள்ளினார்கள். வெயில் கொஞ்சம்தான் பாக்கி இருக்கிறது, ரஜாயை எடுக்க வேண்டும் என்று மாடியிலிருந்து தத்தா பாபு வங்காளத்தில் கத்தினார். "என்ன சொல்றார்?" என்று விஜயா கேட்டாள். "வெயிலைச் சுருட்டிண்டு வரச் சொல்றார்மா" என்று சொல்லிவிட்டு நவநீத் படியேறிப் போனான்.

ஸ்ரீனிவாசராகவன் கிழிசல்களை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார். இந்தத் தடவை காலைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை, ராஜலக்ஷ்மி சமையலறையில். கட்டிலிலிருந்தே விஜயா மேற்பார்வை பார்த்தாள். "அதுக்கு மேல ஒண்ணு விட்டுட்டேள் பாருங்கோ." அவர் அதைத் திணித்தார். "இந்தப் பக்கமும் ஊதறது." அதையும் திணித்தார். சம்பந்தி அம்மாள் முன்னால் தம் பழைய வேட்டியை ஜன்னலில் சொருகிக்கொண்டு நிற்பது இவ்வளவு சுலபமான காரியம் என்று யாராவது காலையில் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார்.

கொஞ்ச நேரத்தில் கட்டளைகள் நின்றுபோயின. திரும்பிப் பார்த்தார். விஜயா தலையணையில் சாய்ந்தபடியே தூங்கியிருந்தாள். மப்ளர் அவிழ்ந்து கிடந்தது. கால்மாட்டில் ரஜாய் இரண்டு இடத்தில் மேடிட்டிருந்தது. அவள் கைவளைவில் குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. வாசலில் கார்க்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான். வைஷாலி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, அவனுக்குச் சொல்லி அனுப்ப வெளியே போனாள். படிக்கட்டில் நவநீத் சுருட்டிய ரஜாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, உயிருள்ள எதையோ கொண்டுவருகிறவன் மாதிரி, அடிமேல் அடி வைத்து இறங்கிக்கொண்டிருந்தான்.

கடைசி இடுக்கு ஒன்று பாக்கி இருந்தது. அதன் வழியாக மாலை வெயில் ஒரு கோடாக உள்ளே வந்து, ரஜாயின் மேட்டில் ஏறி இறங்கி, குழந்தையின் முஷ்டியில் விழுந்திருந்தது. ஸ்ரீனிவாசராகவன் கிழிசலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, அது தானாகப் போகட்டும் என்று ஸ்டூல் மேலேயே நின்றார்.